நம்பி பேரில் இன்னொரு மெஷின்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில், தொண்ணூற்று மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டர் அறையைக் கவனித்துவந்தவள் அப்ரோஸ் பேகம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அறையில் இருந்தது ஒரே பெரிய மெஷின். அதற்குள்ளேயே ஆறு பேருக்கு ஆறு தனி மெஷின்கள் போல ஓடின; ஒவ்வொன்றும் அவரவர் பேரில், அவரவர் பாஸ்வேர்டில் திறக்கும். அவரவர் மேசையில் திரையும் கீபோர்டும் மட்டும்தான். எதை எழுப்புவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் அப்ரோஸ் கறுப்புத் திரையில் அடிக்கும் ஒற்றை வரியில் இருந்தது.

ஆடி மாதம், நூல் வாங்கிய ஒரு பார்ட்டி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. லேப் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் போட்டிருந்த பலம் நூலில் இல்லை.

“லேப்ல இருக்க நம்பிதான் நம்பரை மாத்துறான். ஒரு கண்ணு வச்சுக்கோ” என்றார் மேனேஜர் சேதுபதி.

அன்றிலிருந்து நம்பி என்ன செய்தாலும் அவளுக்குத் தப்பாகவே பட்டது. ஏன் லேப் கதவைச் சாத்துகிறார்? போனில் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்? அவள் தலைவலி என்றதும் ஓடிப்போய் மாத்திரை வாங்கிவந்தாரே, அது எதற்கு?

மூன்றாம் வாரம், சாப்பாட்டு வேளையில், ஓடுகிற மெஷின்களின் பட்டியலை எடுத்தாள். நம்பி பேர் இரண்டு தடவை இருந்தது. ஒன்று லேபிலிருந்து, காலையில் தொடங்கியது. இன்னொன்று நாலாம் நம்பர் திரையிலிருந்து, மதியம் ஒன்று இருபதுக்குத் தொடங்கியது. நாலாம் நம்பர் மேனேஜர் அறை.

அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாரோ? எழுந்து லேபுக்கு நடந்தாள். நம்பி நூலை இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அறைக்குப் போனீர்களா என்று கேட்டாள்.

“இன்னும் சாப்பிடக்கூடப் போகலை. எதுக்குக் கேக்கிய?”

திரும்பி வந்து பார்த்தாள். நாலாம் நம்பரில் டெஸ்ட் ரிப்போர்ட் திருத்துவதற்காகத் திறந்திருந்தது. பட்டியலை பிரிண்டருக்கு அனுப்பினாள். சத்தம் கேட்டு சேதுபதி வந்தார்.

“என்னது?”

“உங்க ரூம் திரையில நம்பி பேருல ஒரு மெஷின் ஓடுது சார்.”

“அதை நிறுத்து மொதல்ல.”

“முதலாளி ஒருக்கா பாத்துரட்டும் சார். பொறவு நிறுத்துறேன்.” பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

முதலாளி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். அடுத்த வாரம் சேதுபதியின் நாற்காலி காலியாக இருந்தது.

நம்பியிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள், மூன்று வாரம் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன் என்று.

“எம் பாஸ்வேர்டை மேனேஜருதான் கேட்டு வாங்கினாரு” என்றார் நம்பி. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டர் அறைக்கு வரவேயில்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்பினார். யார் மேலும் நம்பிக்கை வராமல், அப்ரோஸ் டீ குடிக்கப் போனாலும் அறையைப் பூட்டிவிட்டே போனாள்.