நண்டுக்காரர் திருப்பிக் கேட்ட கூடு

என் முதுகு வளைந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் வைத்தியர் இல்லை. நான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுக்க வந்த கமெராக்காரர்.

எனக்குப் பதின்மூன்று வயது. நயினாதீவில், எங்கள் வீட்டு முற்றத்தில், நல்ல வெயிலில், சேலை சுற்றி, தலையில் அரைக் கடைச் சாமானை ஏற்றி என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே எரிச்சல். அதற்குமேல் அந்த மனிதர் விடவே இல்லை.

"பிள்ளை, வலது தோளை இறக்கும்."

இறக்கினேன்.

"இன்னும் இறக்கும். நேரா நில்லும்."

"நேராத்தான் நிக்கிறன்."

"இல்லை, சரிஞ்சு நிக்கிறீர்."

"உங்கட கமெராதான் சரிவு" என்றேன். அம்மா என் இடுப்பில் கிள்ளினார்.

அவர் கோபிக்கவில்லை. கமெராவை முக்காலியில் ஏற்றி, அதிலிருந்த மட்டம் பார்க்கும் குமிழை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கோ அக்கா, கமெரா மட்டமாத்தான் நிக்குது. பிள்ளைதான் மட்டமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அல்பம் வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லாப் படத்திலும் என் வலது தோள் மேலே, இடது தோள் கீழே. அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அல்பத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரம் என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எலும்பு வைத்தியர் ஒரு பெண். என்னைச் சட்டையைக் கழற்றிக் குனியச் சொன்னார். முதுகின் வலது பக்கம் புடைத்துக்கொண்டு நின்றதாம். பிறகு எக்ஸ்ரே. காற்றுக்கு ஒதுங்கி அக்கரைக் குறிகட்டுவானுக்கு ஓடும் படகு கடலில் எடுக்கிற வளைவு மாதிரி என் முள்ளந்தண்டு வளைந்து போயிருந்தது.

அம்மா தன் குற்றப் பட்டியலை எடுத்து விட்டார். "ஒரு பக்கமாத் தண்ணிக் கான் தூக்கிறவள். புத்தகப் பையும் பாரம். ஒருக்களிச்சுத்தான் படுப்பள். ஃபோனைப் பாத்தால் நிமிரவே மாட்டாள்."

"அதொண்டாலும் வரேல்லை அம்மா" என்றார் வைத்தியர். "வளர்ற வயசில சில பிள்ளையளுக்கு இப்பிடி வரும். ஏனெண்டு எங்களுக்கே சரியாத் தெரியாது. உங்களிலயும் பிழையில்லை, பிள்ளையிலயும் பிழையில்லை."

என்னைப் பார்த்தும் சொன்னார். "உம்மட எலும்பு வளந்து முடிய இன்னும் ரெண்டு ரெண்டரை வருசம் இருக்கு. அதுமட்டும் இந்த வளைவு கூடாமல் பிடிச்சு வச்சால் தப்பிச்சீர். கூடினால் ஒப்பரேசன் செய்து கம்பி வைக்கவேண்டி வரும். பிடிச்சு வைக்க ஒரு பிரேஸ் தருவம். நாளுக்கு இருபது மணித்தியாலம் போடவேணும்."

எனக்குக் கம்பி வேண்டாம். அந்த நிமிடத்திலிருந்து என் முழு ஆசையும் அதுதான். வேறெதுவும் எனக்குத் தேவையில்லை.

அம்மா கேட்டது வேறு கேள்வி. "இதை ஆருக்கும் தெரியாமல் செய்யலாமோ டொக்டர்?"

"ஏன், களவே எடுத்தனீங்கள்?" என்றார் அவர்.

உடம்பில் மாவுக்கட்டுச் சுற்றி அச்செடுத்துச் செய்த அந்தச் சாமானை நான் கூடு என்றுதான் சொல்வேன். கக்கத்திலிருந்து இடுப்பு வரை வெள்ளைப் பிளாஸ்டிக். பின்னால் மூன்று பட்டி. குனிய ஏலாது. வயிறு முட்டச் சாப்பிட ஏலாது, பாதிச் சோற்றிலேயே கூடு போதும் என்று சொல்லிவிடும். வெயிலுக்கு உள்ளே வியர்வை குளமாக நிற்கும். மாலையில் நாலு மணித்தியாலம் விடுதலை. அதில் குளிப்பு, வலைப்பந்து, ஒரு நல்ல சாப்பாடு.

ஊருக்கு அம்மா ஒரு கதை கட்டினார். நான் சைக்கிளால் விழுந்து விலா வெடித்துவிட்டது, அதற்குத்தான் பெல்ட். நல்ல கதைதான், ஒரு மாதத்துக்கு. எட்டு மாதமாகியும் விலா பொருந்தவில்லை. வகுப்பில் பக்கத்தில் இருக்கிறவள் கேட்டாள்: "உன்ர விலா என்னடி, மழைக்குள்ள பூசின சீமெந்தோ? காயவே மாட்டனெண்டுது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. கோபம்தான் வரும். "போய் உன்ர வேலையைப் பார்" என்றேன்.

அப்போது எங்கள் ஊர்க் கோயிலின் ஆனித் திருவிழாக் காலம். கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சனம், வாழைக்குலை, பூக்கூடை, குழந்தைகள். படகில் ஏறுவதென்றால் எல்லோரும் உயிர்காப்பு அங்கி போடவேண்டும். என் கூட்டுக்கு மேல் எந்த அங்கியும் பூட்டுப்படவில்லை. அதே வரிசையில் கனடாவிலிருந்து வந்த அப்பாவின் அக்கா வேறு, கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். அம்மா மாமியைக் கண்டதும் என்னை ஒரு சுவருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"கழட்டு."

"இன்னும் நேரம் வரேல்லை."

"கழட்டடி. அரை மணித்தியாலத்தில முதுகு ஓடிப்போகாது."

கூடு ஓர் உரப்பைக்குள் போனது. உரப்பை படகின் கூரைக்குப் போனது, வாழைக்குலைகளுக்குப் பக்கத்தில்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாதிக் கடலில் ஓர் அலை படகைத் தூக்கிக் குத்தியது. கூரையிலிருந்து ஒரு குலையும் எங்கள் உரப்பையும் கடலில் விழுந்தன.

"அக்கா, உங்கட பை!" படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். "உள்ளுக்கு என்ன இருக்கு? முக்கிய சாமானெண்டால் சொல்லுங்கோ, திருப்பிறன்."

படகு முழுக்க அம்மாவைப் பார்த்தது. கறுப்புக் கண்ணாடியும் பார்த்தது.

"ஒண்டுமில்லைத் தம்பி" என்றார் அம்மா. "பழைய உடுப்பு. நீங்கள் விடுங்கோ."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் முழங்காலை நசுக்கியது. எனக்குப் பொய்தான் வராது என்று சொன்னேனே, அன்றைக்கு உண்மையும் வரவில்லை. அதற்கு இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம். படகு மறுபடி வேகம் எடுத்தது. உரப்பை தாழவில்லை. அலைமேல் ஏறி இறங்கி, எங்களுக்கு ராசா மாதிரி முதுகு காட்டிக்கொண்டு போனது.

வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "என்ர முதுகைப் பழைய உடுப்பெண்டு சொல்லிப்போட்டியள்!"

"மெல்லக் கதை. பொம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு கலியாணம் எண்டு வரேக்க..."

"எனக்குப் பதின்நாலு வயசு! கலியாணத்துக்கு முதல் கம்பி வந்திடும்!"

இரண்டு நாள் இந்தச் சண்டைதான். கூடு செய்கிறவருக்கு அம்மா ஃபோன் எடுத்தார். திரும்ப அச்செடுத்துப் புதிதாகச் செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்றார். வளர்ச்சி வேகமான நேரம், இவ்வளவு நாள் வெறுமனே விடக்கூடாது என்றும் சொன்னார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. நான் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நான் தனியாக எங்கள் ஊர் இறங்குதுறைக்குப் போனேன். ஒரு படகு சனம் காத்துக்கொண்டு நின்றது. அதே படகோட்டி கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்குக் கடல்ல விழுந்த பை எங்கட."

"ஓம், தெரியும். பழைய உடுப்புத்தானே தங்கச்சி?"

"இல்லை. என்ர முதுகு வளைஞ்சது. வளைவு கூடாமல் பிடிக்கிற பிளாஸ்டிக் கூடு அது. அது இல்லாட்டி என்னை வெட்டிக் கம்பி வைப்பினம்."

கூட்டத்துக்குள் இருந்து ஒரு மனுசி கேட்டார்: "அப்ப அந்த விலா?"

"விலா முறியவேயில்லை."

"ஐயோ, நான் அதுக்கு உளுத்தங்களி வேற கிண்டிக் குடுத்தனான்!"

எல்லோரும் சிரிக்கும்போது அம்மா ஓடிவந்தார், பாதி பின்னிய தலையோடு, என்னை இழுத்துக்கொண்டு போக. படகோட்டி அம்மாவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஏனக்கா சொல்லேல்லை? இதுக்கெண்டால் நான் கரைக்கே திருப்பியிருப்பன்." பிறகு என்னிடம் கேட்டார்: "அது எப்பிடிச் சாமான்? மீன்பிடிக்கிற ஆக்களுக்கு ஃபோன் அடிச்சுக் கேக்கிறன், விபரத்தைச் சொல்லும்."

நான் சொல்லிப் பார்த்தேன். பிளாஸ்டிக். பட்டி. அவருக்கு விளங்கவில்லை. "வாளி மாதிரியோ?"

அம்மா என் கையை விட்டார்.

"வாளியில்லைத் தம்பி" என்றார். பிறகு தன் உடம்பிலேயே கையை வைத்துக் காட்டத் தொடங்கினார். "இந்தா, கக்கத்தில தொடங்கி இடுப்பெலும்பு மட்டும். வெள்ளை. பின்னால திறக்கும். மூண்டு பட்டி, நடுப்பட்டியில நூல் கிளம்பினது, நான் நீல நூலால தைச்சனான். வலப்பக்கம் உள்ளுக்கு ஒரு தடிச்ச பஞ்சு, அதுதான் முதுகைத் தள்ளுறது. இடப்பக்கம் ஒரு வெட்டு."

எட்டு மாதம் மூடி வைத்ததை அம்மா முழு இறங்குதுறைக்கும் கேட்கச் சொன்னார். போடுகிறவள் நான், ஆனால் எனக்கே அந்த நீல நூல் தெரியாது. அந்தப் பட்டிகளை ஒவ்வொரு நாளும் பின்னால் நின்று இறுக்கியது அம்மாதானே.

மூன்றாவது அழைப்பில் ஆள் அகப்பட்டார். படகோட்டி ஃபோனை எல்லோருக்கும் கேட்க வைத்தார். சுருவில் என்ற ஊர்ப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர்.

"வெள்ளைச் சாமானோ? ஓம், என்னட்டத்தான் இருக்கு. கப்பலால விழுந்த ஆரின்ரயோ கவசமெண்டு நினைச்சன். நீல நூலோ? பொறுங்கோ பாப்பம்... ஓம், இருக்கு. ஆனால் இப்ப அதுக்குள்ள ஆக்கள் இருக்கினம்."

"ஆர்?"

"நண்டு."

அன்று பகலே போனோம். அவர் வீடு கடலோரம், முற்றத்தில் வலை காய்ந்தது, சுவரில் மாதா படம். கூடு அவருடைய வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீருக்குள் கட்டப்பட்டிருந்தது. பட்டி மூன்றும் இறுக்கிப் பூட்டி, மேலும் கீழும் வலைத்துண்டு கட்டி, உள்ளே உயிர் நண்டு நிறைந்து கிடந்தது. தண்ணீர் ஓடுவதற்கு இரும்புக் கம்பியைச் சூடாக்கி ஏழு ஓட்டை போட்டிருந்தார்.

"ஓட்டை போட்டிட்டீங்களோ!" அம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"தெரியாமல் போட்டனான் அக்கா. நண்டு மூச்சு விடவேணுமெல்லே?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதுக்குள்ளையோ பிள்ளை நீர் இருக்கிறனீர்?"

"ஓம். நாளுக்கு இருபது மணித்தியாலம்."

"நண்டும் சுகமாத்தான் இருந்தது."

அவர் மனைவி குசினி வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது. பிறகு அம்மாவுக்கு. அம்மா சிரித்தபடியே அழுதார், அல்லது அழுதபடியே சிரித்தார், எனக்குப் பார்க்கப் பொறுமையில்லை. அவர் மனைவி எங்களுக்கு நண்டு கட்டித் தரப் போனார். திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மீன் மச்சம் இல்லை என்று அம்மா சொன்னார்.

"அப்ப எல்லாம் முடிய வாங்கோ" என்றார் மீன்பிடிகாரர். நண்டை வேறு கூடைக்குக் கொட்டிவிட்டுக் கூட்டை என்னிடம் தரும்போது கை கொஞ்சம் தயங்கியது. "உம்மட வேலை முடிஞ்சால் எனக்குத் திருப்பித் தாரும் பிள்ளை. இப்பிடி ஒரு நண்டுக்கூடு நான் கண்டதேயில்லை."

கூட்டை அம்மா தேசிக்காய், மஞ்சள், சவர்க்காரம் என்று எல்லாவற்றாலும் தேய்த்தார். திருவிழா முடியும்வரை அதைப் போட்டுக்கொண்டு சாமியறைப் பக்கம் வரக்கூடாது என்றார். ஒரு வாரம் ஊர்ப் பூனைகள் எல்லாம் எனக்குப் பின்னால் நடந்தன.

கூடு செய்கிறவர் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தார். "ஆர் போட்டது?"

"நண்டுக்காரர்."

எனக்குப் போட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஓட்டைகளின் விளிம்பை அரத்தால் ராவினார். "நல்லகாலம், முதுகைத் தள்ளுற இடத்தில போடேல்லை. உள்ளுக்குக் காத்துப் போகுதோ?"

"ஓம். முதல்தரமா."

"நானே போட்டிருக்கவேணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. படகோட்டி எங்கேயோ தேடிப் பெரிய அங்கி ஒன்று கொண்டுவந்து, படகில் ஒரு ஆணியில் தனியாகத் தொங்கவிட்டார். யாராவது தடித்த ஆள் அதை எடுத்தால், "அது கூட்டுக்காரியின்ர, வையுங்கோ" என்பார். வகுப்பில் என்னை வயிற்றில் குத்திப் பார்த்த ஒருத்தி கை வீங்கி வீட்டுக்குப் போனாள். கனடா மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் தோளும் சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கம் சரிவு என்று அம்மாவின் காதுக்குள் சொன்னார்.

களி கிண்டித் தந்த மனுசி ஒரு நாள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவளின்ர சட்டையும் ஒரு பக்கம் ஏறித்தான் நிக்குது. ஒருக்காப் பாருங்கோவன்."

அம்மா எழுந்து, படித்த மனுசி மாதிரி, "குனி பாப்பம்" என்றார். பிள்ளையின் முதுகில் ஒரு சின்னப் புடைப்பு. கிளினிக்கில் இப்போதைக்குக் கூடு தேவையில்லை, கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்களாம். அதோடு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. கண்ட பிள்ளைகளை எல்லாம் குனிய வைத்தார். கலியாண வீட்டில் மணமகளின் தங்கையையும் குனிய வைத்தார். ஒளித்ததும் அளவில்லாமல், சொன்னதும் அளவில்லாமல். எனக்கு வெட்கமாகப் போய் இதற்கும் அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

பதினாறு வயதில் கடைசி எக்ஸ்ரே. வைத்தியர் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து, கோடு கீறி, அளந்தார்.

"எலும்பு வளந்து முடிஞ்சுது" என்றார். "வளைவு துளிதான் கூடியிருக்கு. ஒப்பரேசன் தேவையில்லை. உதைக் கழட்டி எறியும்."

"எறிய ஏலாது டொக்டர்" என்றேன். "ஒராள் காத்துக்கொண்டிருக்கிறார்."

வீட்டுக்குப் போகவில்லை. கிளினிக்கிலிருந்து நேரே சுருவிலுக்குப் போனோம். கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் முற்றத்துக்குள் வருவதைக் கண்டதும் மீன்பிடிகாரர் வலையைப் போட்டுவிட்டு எழும்பினார்.

"என்ன பிள்ளை இவ்வளவு நாள்? நண்டெல்லாம் பாத்துக் களைச்சுப்போச்சு."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு வருடத்தில் கூட்டை இரண்டு தரம் மாற்றியிருந்தார்கள், அந்த முதலாவதை நான் எறியவில்லை, அன்று காலையே கையோடு கொண்டுவந்திருந்தேன், அதைத்தான் கொடுத்தேன். ஏழு ஓட்டையும் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். நீல நூல் இன்னும் விட்டுப்போகவில்லை.

அன்றைக்குத் திருவிழாவும் இல்லை, விரதமும் இல்லை. அவர் மனைவி நண்டுக் கறி வைத்தார். என் வயிற்றை அமத்த ஒன்றும் இல்லை. மூன்று தரம் சோறு வாங்கினேன். நாலாம் தரம் சோற்றுக் கோப்பையை நீட்டியபோது அம்மா கிள்ளினார். இத்தனை நாள் பிளாஸ்டிக்கில் வழுக்கிப்போன கிள்ளு, இப்போது நேரே இடுப்பில் ஏறி நன்றாக நொந்தது.