இறங்கக் கூடாத தீவு

1989, பிப்ரவரி மாதத்து ஒரு வியாழக்கிழமை. நாகலூரிலிருந்து காலை ஆறு மணி பஸ். ஏற்காட்டில் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் சேர்ந்தபோதே ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து இன்னொரு பஸ்ஸில் மண்டபம். இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. காற்றே உப்புக் கரித்தது.

என் அக்கா சரசு அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏற்காட்டு ஓட்டலுக்குச் சமையல் வேலைக்கு வந்த மண்டபத்துக்காரர் ஆரோக்கியத்தை, அண்ணன் மறுத்தும் கேளாமல் கட்டிக்கொண்டு போனவள். அன்றோடு அண்ணன் அவள் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையைச் சாக்குச் சொல்லி, காபிப் பழம் பறித்து முடியட்டும் என்று வருடா வருடம் தள்ளிப்போட்டேன். ஒரு பகல் பயணத்துக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

"வந்துட்டியா கண்ணு," என்றாள் அக்கா. முகம் வெயிலில் கறுத்து, கைகள் காய்த்திருந்தன.

வெள்ளிக்கிழமை காலை மாமா வள்ளத்தில் எங்களை முயல் தீவுப் பக்கம் கூட்டிப் போனார். நான்கைந்து கிலோமீட்டர் இருக்கும். வெள்ளை மணலும் அதன்மேல் பச்சைப் புதரும் நெருங்கி வந்தன. கரைக்கு வெகு தூரம் முன்னாலேயே மாமா வள்ளத்தை நிறுத்தினார். தீவுக் கரையில் ஒரு வனக்காவலர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மேல போகக் கூடாது மாப்ள. பாதுகாக்கப்பட்ட தீவுன்னு அறிவிச்சுட்டாங்க."

"முன்னெல்லாம் இறங்கலாமுங்களா, மாமா?"

"உங்க அக்கா அங்கதான் விக்கிறதுக்குக் கடல்பாசி எடுத்தா. பவளப்பாறையை ஒடைச்சுச் சுண்ணாம்புக்கு ஏத்திட்டுப் போனவனும் அங்கதான் இறங்கினான். இப்ப எல்லாருக்கும் ஒரே தடை."

அக்கா தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தடை நல்லதுதான் சாமி. இல்லீன்னா பாறையே மிஞ்சாது. அந்த ஓரத்துல இடுப்பளவு தண்ணிதான். குனிஞ்சா அடியில பவளம் நம்மூரு காலிபிளவராட்டம் பூத்திருக்கும். நீ வந்தா அங்க நிறுத்திக் காட்டோணும்னு இருந்தேன். மூணு வருசம் முன்னாடி வந்திருக்கலாம்."

திடீரென்று அவள் என் தோளைத் தொட்டு, "ஆமை," என்றாள். நான் திரும்புவதற்குள் அது மூழ்கிவிட்டது. தண்ணீரில் ஒரு வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏற்றும்போது அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தாள். கறவை மாட்டையும், நாங்கள் ஏறி விளையாடிய பலாமரத்தையும் கூடக் கேட்டாள். பஸ் நகர்ந்த பிறகும் அங்கேயே நின்றாள்.

ஊரில் அண்ணன் களத்தில் காபிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். கடல் எப்படி, தீவு எப்படி என்று கேட்டார். சொன்னேன். அதன்பின் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்:

"என்னையக் கேட்டாளா?"

"கேக்கலீங்கண்ணா."

கிளறிய இடத்தையே அவர் மறுபடியும் கிளறினார்.