அக்காவின் எக்ஸ்ரே

நான் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் பள்ளியில், என் அறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு எக்ஸ்ரே ஒட்டியிருக்கிறது. என் பெரியம்மா மகளின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு அது. வெயில் ஏறினால் அதில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். புதிதாக வரும் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். "பயப்படாதீங்க, அவ இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கா" என்பேன்.

அக்காவும் நானும் வாசலூர்பட்டிப் பக்கம் பள்ளி விடுதியில் தங்கி ஓடிப் பழகியவர்கள். கொல்லிமலையில் எங்கே திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். வேகம் பழகச் சமமாகக் கிடந்தது ஒரே ஒரு ரோடு. அதுவும் கோயில் முன்னால் போனது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் அந்த வழியில் கால் வைக்கக் கூடாது. அப்போதெல்லாம் மிளகுத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த கல் பாதைதான் எங்களுக்கு. அதில் ஓடினோம் என்று சொல்ல முடியாது, தாவினோம். மாநிலப் போட்டிக்கான தேர்வு நெருங்கிய வருடம் அக்காவுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. எங்கள் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமே! "சாமியே ரோட்டத் தொறந்து உட்டுருச்சுடி" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

உடம்பு லேசாக இருந்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, காலையில் வெறும் வரக்காப்பியோடு நிறுத்திக்கொண்டாள். மதியச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளுவாள், நானும் வஞ்சனையில்லாமல் தின்பேன். கால் வலித்தபோது தைலம் தேய்த்துச் சமாளித்தோம். ஒருநாள் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் கோட்டைக் காட்டினார். விழாமல், அடிபடாமல் எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று அவர் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். பெரியம்மா எங்கள் இருவரையும் பார்த்தார். ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தாவிட்டால் உடம்பு மாதவிலக்கை நிறுத்திவிடும், எலும்புக்குப் பலம் தரும் சுரப்பும் அதோடு குறைந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். சாமி தந்த வரம் என்று நாங்கள் கொண்டாடியது அதைத்தான்.

அந்த வருடத் தேர்வு கைவிட்டுப் போனது. அக்கா அழுது தீர்த்தாள். பெரியம்மா அசரவில்லை. ஊருக்குக் கூட்டிப்போய், சாமைச் சோறும் முட்டையும் வைத்து, தட்டு காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். மாதங்கள் கழித்து மாதவிலக்கு திரும்ப வந்தபோது, கோயில் விஷயத்தில் அத்தனை கறாரான அந்த மனுஷி சந்தோஷத்தில் அழுததைப் பார்த்தேன்.

மறு வருடத் தேர்வுக்கு முந்தைய வாரம். சாப்பாட்டுத் தூக்கோடு பெரியம்மா விடுதிக்கு வந்திருந்தார். அன்று அக்காவுக்குத் தூரம். வழக்கம்போலக் கல் பாதைக்குத் திரும்பியவளை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தக் கல்லுல ஓடி மறுக்கா ஒடிச்சுக்காத கண்ணு. ரோட்டுலயே போ. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அக்கா தாண்டிப் போகும்வரை கோயில் முன்னால் கைகூப்பி நின்றார். அவர் சாமியிடம் என்ன சொன்னாரோ, இன்றுவரை எங்களிடம் சொல்லவில்லை. அக்கா தேர்வானாள். அந்தப் பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை.

நேற்று ஒரு பிள்ளை ஜன்னலருகே வந்து எக்ஸ்ரேயைப் பார்த்தபடி நின்றாள். "டீச்சர், எனக்கு ரெண்டு மூணு மாசமா வரலீங்க" என்றாள். எங்களைப் போல் அவள் சிரிக்கவில்லை. நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சோறு கூடுதலா வை. ஒரு புள்ளயக் கூட்டிக்கிட்டு வாரேன்."