கலிரோயி தன் வீட்டுக்கு விடுமுறைக்குப் போனது

எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் ஜனவரியிலேயே திட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் ஊரில் பனி கொட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கடல் எந்தப் பக்கம் தெரியும், ஆகஸ்டில் காற்று எப்படி அடிக்கும், கட்டில் எத்தனை அகலம் என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் தபால் அட்டையில் கேட்டார்கள், இப்போது கைப்பேசியில் கேட்கிறார்கள். எப்படிக் கேட்டால் என்ன, எதிர்வீட்டுக் கலிரோயி துவைத்துக் காயப்போடுகிற விரிப்பில்தான் அந்தத் திட்டமெல்லாம் வந்து முடியும். முப்பது வருடமாக என் பேக்கரி வாசலில் நின்று அந்தக் கொடியைப் பார்க்கிறேன். கோடையில் அவளுடைய சொந்த விரிப்பு ஒன்று அதில் தொங்கி நான் கண்டதில்லை.

மே மாதம் பிறந்ததும் கலிரோயியும் அவள் புருஷன் ஸ்ராதிஸும் மாடியைக் காலி செய்துவிட்டு, எண்ணெய் ஜாடி வைக்கிற கீழறைக்கு இறங்கிவிடுவார்கள். அக்டோபரில்தான் மறுபடி ஏறுவார்கள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் கோடையில் எலியோடு எலியாகக் கீழேதான் கிடக்கிறோம்.

அந்த வீடு இப்போது கலிரோயியுடையதும் அல்ல. எங்கள் தீவில் வீடு பெண்வழி போகும். அவள் அம்மா அவளுக்குக் கொடுத்தாள். அவள் தன் மகள் மிர்சீனியின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். "இருக்கிற வரைக்கும் உன் பேர்லயே வெச்சுக்க அக்கா" என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். "வீடு இல்லாம பொண்ணைக் குடுத்தான்னு நாலு பேர் பேசணுமா?" என்று கேட்டாள். நாலு பேரில் மூன்று பேர் செத்துப்போய்விட்டார்கள். நாலாவது ஆள் நான்தான்.

மிர்சீனி ஏதென்ஸில் இருக்கிறாள். அவள் புருஷன் வாங்கெலிஸ் அங்கிருந்தபடியே கணினியில் அறைகளைப் பட்டியல் போட்டு வாடகைக்கு விடுகிறான். இன்றைக்கு யார் வருகிறார்கள், எத்தனை நாள் என்று அவன் போனில் சொன்னால்தான் கலிரோயிக்கே தெரியும். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கூரை ஒழுகினால் மறுநாளே ஆள் அனுப்புவான். ஆனால் அந்த வீட்டை அவன் ஒரு நாளும் வீடாகப் பார்த்ததில்லை.

ஸ்ராதிஸ் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த மனிதர். ஒரேயடியாக ஊர் திரும்பிய நாளில், என் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டே, "அன்தி, இனிமே நான் ஆடாத கட்டில்லதான் படுப்பேன்" என்றார். அதிகம் பேசமாட்டார், அதிர்ந்து நடக்கமாட்டார். இரண்டு வருடமாக மறதி. கப்பலில் கூட இருந்தவன் பெயர், அவன் மனைவி பெயர் எல்லாம் சொல்வார். இது கோடைக்காலம், மாடி வாடகைக்குப் போயிருக்கிறது என்பது மட்டும் தங்காது.

ஜூன் மாதம் ஒருநாள் மதியம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரம். பெல்ஜியத்துக்காரி ஒருத்தி துண்டைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு என் கடைக்குள் ஓடிவந்தாள். அவள் சொன்னதில் பாதிதான் புரிந்தது. போய்ப் பார்த்தால், மாடி அறையில் ஸ்ராதிஸ் அண்ணன் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலில் தான் வழக்கமாகப் படுக்கிற பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் படுத்திருக்கிறார். பாவம், பெண்டாட்டி என்றுதான் நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கலிரோயி சிரிக்கவில்லை.

பெல்ஜியத்துக்காரி நல்லவள், விஷயம் தெரிந்ததும் அவளும் சிரித்துவிட்டாள். ஜூலையில் வந்த புதுமணத் தம்பதி அப்படி இல்லை. அன்றைக்கு அண்ணன் படுக்கவில்லை. கட்டிலருகே நின்றுகொண்டு, "யார் நீங்க? என் வீட்டுல என்ன பண்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் உடனே புகார் எழுதிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைக் கப்பலில் வாங்கெலிஸ் வந்து இறங்கினான்.

முற்றத்தில்தான் பேச்சு நடந்தது. என் வாசலிலிருந்து எல்லாம் கேட்டது. கேட்கக்கூடாது என்று நான் உள்ளேயும் போகவில்லை.

"அத்தை, நான் மாமாவைக் குறை சொல்லல. ஆனா இன்னொரு புகார் வந்தா நம்மளைப் பட்டியல்லேருந்தே தூக்கிடுவாங்க."

"நான் பாத்துக்கறேன்பா."

"எப்படிப் பாத்துப்பீங்க? நீங்க துணி துவைப்பீங்களா, அவர் பின்னாடி ஓடுவீங்களா? ஏதென்ஸ்ல வயசானவங்களைப் பாத்துக்கற இடம் ஒண்ணு இருக்கு. நல்ல இடம். அக்டோபர் வரைக்கும் இருக்கட்டும்."

"அங்க அவனுக்கு யாரைத் தெரியும்?"

"இங்க மட்டும் யாரைத் தெரியுது அத்தை?"

அந்த வார்த்தைக்கு நானாக இருந்தால் ரொட்டித் தட்டாலேயே அடித்திருப்பேன். கலிரோயி, "சாப்பிட்டுட்டுப் போ, கத்தரிக்காய் செஞ்சிருக்கேன்" என்றாள். அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். போகும்போது, இன்னொரு தடவை நடந்தால் கேட்கமாட்டேன், வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மிர்சீனி போனில் அழுதாள். அழுததோடு சரி. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்றிலிருந்து மதியத் தூக்கம் கலிரோயிக்கு இல்லை. கீழறை வாசலில் நாற்காலி போட்டு, காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்திருப்பாள். அண்ணன் உள்ளேயிருந்து, "கலிரோயி, மேல போலாம்" என்பார். "போலாம்" என்பாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பார். ஒரு மதியத்தில் முப்பது தடவை கேட்டதை நான் எண்ணியிருக்கிறேன். முப்பது தடவையும் ஒரே குரலில் பதில் சொன்னாள். அதைக் கேட்டு நான்தான் களைத்துப்போனேன்.

ஆகஸ்ட் நடுவில் மாதா திருவிழா முடிந்தது. அதற்கு மறுநாள் கடைக்கு வந்தாள்.

"அன்தி, ஸ்ராதிக்கு அஞ்சே நாள் அந்தக் கட்டில்ல படுக்கக் கெடைச்சா அடங்கிடுவான்னு தோணுது. ஆசைதான் அவனை இழுக்குது."

"அப்ப மருமகன்கிட்ட கேளு."

"கேட்டேன். ஆகஸ்ட்ல எப்படி அத்தைங்கறான். அவன் சொல்றதும் நியாயந்தான்."

"உனக்கு எல்லார் சொல்றதும் நியாயந்தான்."

அவள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த எள் தூவிய ரொட்டி வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் காற்று கப்பல்காரர்கள் கணக்கில் எட்டைத் தாண்டி அடித்ததில் கப்பல் எதையும் விடவில்லை. அதற்குப் பயந்து, அடுத்த வாரம் வரவிருந்த பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று விலகிவிட்டது என்று அவளே சொன்னாள். இருபத்திரண்டிலிருந்து இருபத்தேழு வரை மாடியறை காலி. வாங்கெலிஸ் மறுபடி அதை விற்கப் போட்டிருந்தான். தெசலோனிகியில் இருக்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அவன் பெயரில் அறை எடுத்தாயிற்று. வயதான தம்பதி, ஐந்து இரவு, விடுமுறை. கலிரோயி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே வாங்கெலிஸ் போன் செய்தான். "அத்தை, தெசலோனிகியிலேருந்து ஒரு ஜோடி வர்றாங்க. வயசானவங்களாம், சத்தம் போடமாட்டாங்க. நல்லாப் பாத்துக்கங்க." கலிரோயி, "பாத்துக்கறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கோடையில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட திட்டத்தைப் பார்க்க வேண்டுமே. ஜனவரியிலேயே திட்டம் போடுகிற பெர்லின்காரி தோற்றாள். பெட்டியில் எதை எடுத்துவைப்பது என்று நான்கு நாள் யோசித்தாள். படி ஏறினால் மேலே, பெட்டி எதற்கு என்று கேட்டேன். "பெட்டி இல்லாம போனா விடுமுறையா?" என்றாள். மற்றவர்களுக்கு வைப்பதுபோலவே மேசையில் திராட்சையும் தேன்பாகில் ஊறிய பழமும் வைத்தாள். வைத்துவிட்டுக் கீழே வந்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிப்படி வழியாக விருந்தாளி மாதிரி ஏறினாள்.

ஐந்து நாளும் நன்றாகப் போயின. எப்படி இல்லை என்று சொல்வேன்? அண்ணன் மதியம் படுத்தால் ஐந்து மணிக்குத்தான் எழுந்தார். சவரம் செய்துகொண்டார். மூன்றாம் நாள் தனியாகத் தெருவைக் கடந்து வந்து, "அன்தி, ரெண்டு வளையம் குடு, அவளுக்கு ஒண்ணு" என்றார். அந்த நிமிடம் நான் நம்பிவிட்டேன். வியாதி கட்டிலில் இருந்ததோ, கட்டில் கிடைத்ததும் போய்விட்டதோ என்றெல்லாம் நினைத்தேன். கலிரோயி மாடித் திண்டில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தாள். கடலைப் பார்த்து உட்கார்ந்து அவள் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை.

இருபத்தேழாம் தேதி பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். ஆஸ்திரியாவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று வாங்கெலிஸ் சொல்லியிருந்தான். அவர்கள் காலைக் கப்பலிலேயே வந்துவிட்டார்கள். பத்தரைக்கெல்லாம் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள், நாலு பெட்டி எல்லாம் தெருவில். நான் அவர்களைக் கடைக்குள் உட்காரவைத்து, பாலாடைக்கட்டி அப்பமும் எலுமிச்சைச் சாறும் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

அண்ணன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கலிரோயி கீழே உட்கார்ந்து அவர் காலில் செருப்பை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுமுறை முடிஞ்சுது ஸ்ராதி. வா, போலாம்."

"எங்க?"

"கீழ."

"கீழ எதுக்கு? இது என் வீடு. இது நான் படுக்கற கட்டில். நீ என் பொண்டாட்டி கலிரோயி. நான் எங்கயும் வரல."

இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. கலிரோயி கெஞ்சினாள். மீன் பொரித்துத் தருகிறேன் என்றாள். ஏதென்ஸுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்று கடைசியில் அழுதே சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவி, "யாரு அழைச்சிட்டுப் போவாங்க? நான் இருக்கேன்ல" என்றார். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான். அவர் ஆசையைக் கிளறி, ஐந்து நாள் கொடுத்து, ஆறாம் நாள் பிடுங்க வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பதினொன்று அடித்தது. கடையில் உட்கார்ந்து அலுத்துப்போய் ஆஸ்திரியக்காரி பெட்டியை இழுத்துக்கொண்டு வெளிப்படியில் ஏற ஆரம்பித்துவிட்டாள். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிக்கிற சத்தம் கேட்டது. இனி இவர் 'யார் நீ' என்று கேட்பார், அவள் புகார் எழுதுவாள், சனிக்கிழமை வாங்கெலிஸ் வருவான். கலிரோயி கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணன் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எழுந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஆள் வந்திருக்காங்க" என்று எங்களைக் கடிந்துகொண்டே வாசலுக்குப் போய், பாதிப் படியில் நின்றவள் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். கப்பலில் கற்ற இங்கிலீஷில், வாங்க வாங்க, வழியில் காற்று அதிகமா என்று கேட்டார். குழந்தைகளுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று காட்டினார். அவர்களை மாடித் திண்டருகே நிறுத்தி அவர் பேசிக்கொண்டிருக்க, நானும் கலிரோயியும் உள்ளே பேய் பிடித்த மாதிரி விரிப்பை மாற்றினோம். தலையணை இன்னும் சூடாக இருந்தது. "வீட்டுலயே நல்ல அறை இதுதான். நல்லாத் தூங்குங்க" என்று சொல்லி, சாவியை அந்தப் பெண் கையில் வைத்து, கதவை அவரே வெளியிலிருந்து சாத்தினார்.

இனிப் புகார் வராது. பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டு நான் அண்ணன், கலிரோயி பின்னாலேயே முற்றத்துக்கு இறங்கினேன். கலிரோயி அழுக்கு விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகத்தில் வேலையை நன்றாக முடித்த திருப்தி.

"எல்லா அறையும் குடுத்தாச்சா கலிரோயி?"

"குடுத்தாச்சு."

"நல்லது." மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மேலே இருப்பவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல, அவளிடம் கேட்டார்.

"அப்ப நாம எங்க படுக்கறது?"

கீழறைக் கதவு அவர் முதுகுக்குப் பின்னால்தான் திறந்து கிடந்தது. கலிரோயி அதைக் காட்டக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றுவிட்டது.