அவர் பேரில் ஒரு குழந்தை

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் வீட்டு முன்பக்கத்து இரண்டு அறைக்குக் குடிவந்தபோது அவர்கள் குழந்தைக்கு ஐந்து மாதம். அவனுக்கு வண்டி உதிரிப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அவள் தையல் கம்பெனியில் இருந்தவள், பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பிள்ளையோடு திரும்பியிருந்தாள். பாத்திரம் பண்டங்களை அவர்கள் இறக்கி வைக்கிற வரைக்கும் குழந்தையை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மடியில் கிடந்த குழந்தை என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்தான்.

"புள்ளைக்கு என்னா பேரு வச்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள். அது என் வீட்டுக்காரருடைய பேர்.

நான் குனிந்து குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டதைப் பார்த்து, பேர் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் புருஷன் நினைத்துக்கொண்டான். "பழைய பேருன்னு நெனைக்காதீகம்மா. இப்ப இதுதான் ஃபேஷன். போன வருசம் வந்த படத்துல ஹீரோவுக்கு இந்தப் பேருதான். எங்க கம்பெனியிலயே ரெண்டு பேரு புள்ளைக்கு வச்சிருக்காக" என்றான். பிறகு மரியாதைக்குக் கேட்டான். "ஐயா பேரு என்னங்கம்மா?"

நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். அங்கே சாணி வழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, தன் பேரைத் தானே சொன்னார். இரண்டு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

"வூட்டத்தான் வாடகைக்கு விட்டேன். பேரையும் சேத்து எடுத்துக்கினீங்களா?" என்று சொல்லி அவர் சிரித்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

அந்தப் பேரை நான் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் யாராவது சொல்லுவாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்தின்போது என் அம்மா சொல்லி அனுப்பினாள். நான் அதை நம்புகிறேனா இல்லையா என்று உட்கார்ந்து யோசித்ததில்லை. நாக்கு அந்தப் பக்கம் போய்ப் பழகவில்லை, அவ்வளவுதான்.

அது பேர்களெல்லாம் மாறிக்கொண்டிருந்த காலம். மத்தூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று முனியம்மா, இரண்டு மாதம்மா. ஐந்தாவதோடு நான் நின்றபோதும் அந்த மூன்று முனியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எங்கள் பாகலூர் ரோட்டுத் தெருவில் அந்தப் பேர்கள் கிழவிகளோடு சரி. குழந்தை பிறந்த வீட்டில் எல்லாம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கின பேர்ப் புத்தகம் கிடக்கும். நானும் ஒரு மத்தியானம் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த ஷ, ஹ, ஜ எல்லாம் அதில் முதலில் வந்து நின்றன. ஹர்ஷிதா, லக்ஷிதா, தக்ஷிதா என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு வாய் வலித்தது.

டி.வி. நாடகத்தில் ராத்திரி எட்டு மணிக்கு அழுகிற பெண்ணின் பேரை எங்கள் தெருவில் மூன்று குழந்தைகளுக்கு வைத்திருந்தார்கள். ஒருத்தி கூப்பிட்டால் மூன்றும் ஓடிவரும். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி தன் பேத்திக்கும் அதையே வைக்கலாம் என்று இருந்தாள். நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு விவாகரத்து ஆனதும் வேண்டாம் என்று விட்டுவிட்டு, பெங்களூர் நடிகை பேரை வைத்தாள். எதிர் வீட்டில் எண் பார்க்கிறவரிடம் போய் இங்கிலீஷில் ஒரு எழுத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூப்பிடும்போது அந்த எழுத்து காதில் விழாது. ஆனாலும் பிள்ளைக்கு நல்லதாம்.

இத்தனை பேர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் பேர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது அவரோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது சினிமாவில் போய்ச் சுற்றிவிட்டு, பல் முளைக்காத வாயோடு என் மடிக்கே வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வரும். திரும்ப ஆறு ஆகும். குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். எதையும் நானாகச் சொல்வது எனக்குப் பழக்கம் இல்லை. 

குழந்தையை எப்படிக் கூப்பிடுவது என்பது முதல் நாளே பெரிய பாடாகிவிட்டது. பேரைச் சொல்ல முடியாது. அந்தப் பேர் வைத்திருக்கிறவனை 'வாடா போடா' என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. கடைசியில் 'தொரே' என்று கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு எது பேசுகிறவரானாலும் தொரை என்றால் பெரிய மனுஷன்தான்.

"தொரே, எழுந்துட்டீங்களா? தொரே, கேவுரு கஞ்சி குடிக்கிறீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கன்னடக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "ஊட்டா ஆய்த்தா தொரே?" என்று அவளும் சாப்பாடு விசாரிப்பாள். பிறகு என்னிடம், "ஏனக்கா, மூத்திரத் துணிய மாத்தறப்பகூட நீங்க நாங்கன்னு பேசற! ஒன் புருஷனுக்கே இந்த மரியாதி இல்லையே" என்பாள். இருக்கிறது. அவளுக்குக் கேட்கிற மாதிரி நான் பேசுவதில்லை.

பெற்றவர்களும் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் பேரைச் சொல்லி, "டேய், சட்டையக் கடிக்காதடா எருமை!" என்று கத்தினாள். பால் கேனோடு வாசலில் வந்துகொண்டிருந்தவர் நின்று, "நான் கடிக்கலியேம்மா" என்றார். அவள் உள்ளே ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் பிள்ளை 'ராசா', 'பட்டு', 'அப்பு' தான். தடுப்பூசி அட்டையில் மட்டும் அந்தப் பேர் இருந்தது.

ஒன்பதாம் மாத ஊசிக்கு அங்கன்வாடிக்குப் போனோம். ஊசி போடுகிற நர்ஸம்மா நல்லவள். எல்லாப் பிள்ளைகளையும் நிதானமாகப் பார்த்துக் கேள்வி கேட்பாள். உட்காருகிறானா, தவழ்கிறானா என்று கேட்டுவிட்டு, "பேரு சொல்லிக் கூப்ட்டா திரும்பறானா?" என்றாள்.

"திரும்புவான்" என்று பெற்றவள் சொல்லிவிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள். குழந்தை எடைத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தரம் கூப்பிட்டாள். நர்ஸம்மாவும் கூப்பிட்டாள். அவன் தன் கால் கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"பயப்படாதம்மா. காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடு" என்று நர்ஸம்மா சொன்னாள்.

பயப்படாதே என்று சொன்னால் யார் பயப்படாமல் இருப்பார்கள்? பெற்றவளுடைய அக்கா பிள்ளைக்குக் காது கேட்காது. நாலு வயது வரை யாரும் கண்டுபிடிக்கவில்லையாம். வெடிச் சத்தத்துக்குத் திரும்புவாளாம், மனுஷக் குரலுக்குத் திரும்ப மாட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். வேலை விட்டு வந்ததும் பிள்ளைக்குப் பின்னால் நின்று தட்டைப் போட்டுப் பார்ப்பாள். திரும்புவான். பேர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்ப மாட்டான். "பாத்தீகளாம்மா, அவ மாதிரியேதான்" என்று தரையில் உட்கார்ந்துவிடுவாள். போனில் மாமியார், "புள்ளைய எங்கிட்ட கொண்டாந்து விடு. அங்கிட்டு யாரு கண்டா என்ன கவனிப்போ" என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்குள் ஏதோ உறைத்தது. அவன் விழித்திருக்கிற நேரமெல்லாம் என்னோடு இருக்கிறான். நான் ஒரு தரம்கூட அந்தப் பேரைச் சொல்லவில்லை. தனக்கு அப்படி ஒரு பேர் இருப்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனால் அது என் ஊகம்தானே. நிஜமாகவே காதில் குறை இருந்தால்? என் ஊகத்தை நம்பி அவள் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால்? ஊகம் சரியாகவே இருந்தாலும், என்னால்தான் இப்படி ஆனது என்று பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டால்? சொல்லலாம் என்று மூன்று தரம் அவள் வாசல் வரை போய், "தண்ணி வந்துதாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அவள் லீவு போட்ட அன்று, "நானும் வரேன்" என்று கிளம்பினேன். ஓசூரில் காது பார்க்கிற டாக்டர் ஒரு பொம்பளை, நடு வயது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பின்னால் நின்று சின்ன மணி ஒன்றை ஆட்டினார். குழந்தை திரும்பினான். பிறகு அட்டையைப் பார்த்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக ஒரு தரம், கொஞ்சம் சத்தமாக ஒரு தரம். குழந்தை சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். படித்தவர்கள் எதிரில் எனக்குக் குரலே வராது. அன்றைக்கு எப்படி வந்ததோ தெரியாது.

"தொரே, இங்க பாருங்க."

சாதாரணமாக, வீட்டில் சொல்கிற சத்தத்தில்தான் சொன்னேன். குழந்தை வெடுக்கென்று திரும்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் நீட்டினான்.

டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்து இன்னும் மெதுவாகக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். உள்ளே எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"காது நல்லா கேக்குது. எனக்கே இவ்வளவு கேக்காது" என்றார் டாக்டர். "ஏம்மா, பேரு ஒண்ணு இருக்க நீங்க ஏன் வேற பேரு சொல்லிக் கூப்பிடறீங்க?"

"அது எங்க வூட்டுக்காரரு பேருங்க" என்றேன். தலையைத் தூக்காமல்தான் சொன்னேன்.

 டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "பேர வச்சிட்டு யாருமே கூப்பிடலன்னா அவனுக்கு எப்படித் தெரியும்? பத்து நாள் எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அப்புறம் திரும்பலன்னா வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள், திட்டவும் செய்தாள். "இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? ஒரு வாரமா நான் சோறே திங்கல."

"சொன்னா புள்ளய ஊருக்கு அனுப்பிடுவியோன்னு இருந்திச்சு."

"ஒங்ககிட்ட இருந்து அவன எங்கிட்டு அனுப்புறது? என்னயப் பாத்தாக்கூட இப்படிக் கைய நீட்ட மாட்டேங்கிறான் களவாணிப் பய" என்றாள். எதிரே இருந்த கடையில் நின்று இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அவள் ஆறு சாப்பிட்டாள்.

ஆனால் பத்து நாள் யார் கூப்பிடுவது? பகல் முழுக்க என்னிடம்தான் இருக்கிறான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைச் சொல்லச் சொல்லுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பேரு எனக்குச் சொல்ல வருமே" என்றார்.

மறுநாளிலிருந்து மத்தியானம் தீவனம் வைத்த பிறகு பாயை விரித்துக் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டார். கையில் கிலுகிலுப்பையோ வெல்லக் கட்டியோ வைத்துக்கொண்டு, தன் பேரைத் தானே கூப்பிட ஆரம்பித்தார். தாழ்த்திக் கூப்பிட்டார், நீட்டிக் கூப்பிட்டார், ராகம் போட்டுக் கூப்பிட்டார். தெருவே வேலியில் வந்து நின்றது.

"ஏன் மாமா, தொலஞ்சு போயிட்டியா? ஒன்னய நீயே தேடற?" என்று கேட்டாள் கன்னடக்காரி.

"கெடச்சுட்டா சொல்றேன்" என்றார் அவர்.

நான் சமையல் அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அவரோடு குடித்தனம் செய்கிறேன். அந்தப் பேரை அத்தனை தரம் சேர்ந்தாற்போல் கேட்டதே இல்லை. கிருஷ்ணகிரிக் கோர்ட்டில் நில விஷயமாகக் கூப்பிட்டபோது ஒரு தரம், ஓட்டுப் போடும் இடத்தில் ஒரு தரம், இப்படித்தான் என் காதில் விழுந்திருக்கிறது. அதட்டல் இல்லாமல் சொன்னால் நல்ல பேர்தான். சினிமாக்காரர்கள் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ சாயங்காலம், குழந்தை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான். அவர் வாசலில் இருந்து கூப்பிட்டார். டம்ளரை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவர் கையில் வெல்லம் ஒன்றும் இல்லை. அவர் தள்ளிப் போய் மாட்டுக் கொட்டகையில் இருந்து கூப்பிட்டார். அதற்கும் திரும்பினான். அந்தப் பெண் அப்போதுதான் கம்பெனி வண்டியில் இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். தெருவில் நின்றபடியே அவளும் கூப்பிட்டாள். அவன் அவளைப் பார்த்துத் தவழ்ந்தே போய்விட்டான். அவள் சாப்பாட்டுக் கூடையைத் தரையில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க, இப்ப நீ ஒரு வாட்டி கூப்டு. யாரு திரும்பறாங்கன்னு பாத்துடலாம்" என்றார்.

"போங்க" என்று சொல்லிவிட்டு, தொரைக்குப் பால் காய்ச்ச உள்ளே போனேன்.