ஓடாத ப்ரோகிராமுக்குக் காத்திருந்த லாரி

போன வாரம் வேலம்பாளையத்தில் ஒரு கன்டெய்னர் லாரி என்னால் நின்றது. ஒரு பக்கம் டிரைவரின் ஹாரன், மறுபக்கம் பனியன் கம்பெனி முதலாளியின் போன். சாயங்காலத்துக்குள் கிளம்பாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும்.

காரணம்? அட்டைப் பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அடிக்கிற ப்ரோகிராம். எழுதியவன் அடியேன்.

அந்தக் கம்பெனியில் சர்வர் என்று தனியாக எதுவும் கிடையாது — முதலாளி மெயில் பார்க்கும் கம்ப்யூட்டர்தான். அதிலேயே என் ப்ரோகிராமும் குடித்தனம். காலையில் கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் போடுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. மறுபடி போட்டால், என் ப்ரோகிராம் கிளம்ப மறுத்து, 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று திரையில் சொன்னதாம்.

"அப்பவே போன் பண்ணியிருக்கலாமேக்கா?" என்றேன், பேக்கிங் சூப்பர்வைசர் சரோஜாக்காவிடம்.

"ஓடிட்டிருக்கறேன்னு சொல்லுதுங்க தம்பி. வேலை செய்யறதைப் போயி தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டமுங்க."

மத்தியானம் வரைக்கும் காத்திருந்திருக்கிறார்கள்! இவ்வளவு மரியாதை என் வீட்டில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

விஷயம் இதுதான். ஒரே ப்ரோகிராம் ஒரே நேரத்தில் இரண்டாக ஓடக்கூடாது. அதனால் கிளம்பும்போதே, கம்ப்யூட்டர் அப்போதைக்குத் தனக்குக் கொடுக்கிற ப்ராசஸ் நம்பரை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி வைக்கும், முடியும்போது அழிக்கும்; ஃபைல் இருந்தால் ஓடிக்கொண்டிருப்பதாக அர்த்தம். பாதியில் கரண்ட் போனால் எங்கே அழிப்பது? நான் இதை எழுதிப் பார்த்த என் வீட்டு லினக்ஸ், பூட் ஆகும்போது இந்தக் குப்பையைத் தானே கூட்டிவிடும். கம்பெனி விண்டோஸ் கூட்டாது. எனக்கு அது தெரியுமா? தெரிந்திருந்தால் இந்த வாரம் வேறு விஷயம் எழுதியிருப்பேன்.

முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, வெளிநாட்டு பையருக்கு மெயில் பாதி அடிச்சு வெச்சிருக்கறனுங்க. மூடீராதீங்க," என்றார்.

"கவலையே வேண்டாம்ண்ணா."

அந்த ஃபைலை அழித்திருந்தால் வேலை முடிந்தது. சும்மா இருப்பேனா? நிரந்தரத் தீர்வு! 'ஃபைலில் உள்ள நம்பரில் எது ஓடினாலும் அதை நிறுத்திவிட்டுக் கிளம்பு' என்று ஒரு வரி சேர்த்தேன். ரன் கொடுத்தேன்...

முதலாளியின் மெயில் மறைந்தது. காலையில் கம்ப்யூட்டரை மறுபடி போட்டபோது, அந்தப் பழைய நம்பர் மெயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

"நான் மூடலைண்ணா... ப்ரோகிராம்தான்..."

"அது யாரு எழுதுனதுங்க?"

அந்த வரியைத் தூக்கினேன். நம்பரோடு ப்ரோகிராமின் பேரும் பொருந்தினால் மட்டும் ஓடுவதாக நம்பு. இல்லையென்றால் பழைய ஃபைலை அழித்துவிட்டுக் கிளம்பு — இவ்வளவுதான் மாற்றம். பிரின்டர் கரகரவென்று லேபிள்களைத் துப்ப ஆரம்பித்தது. சரோஜாக்காவின் ஆட்கள் ஓடி ஓடி ஒட்டினார்கள். பொழுது சாய, லாரி கிளம்பியது.

நானும் பைக் சாவியை எடுத்தேன்.

"எங்கீங்க தம்பி கெளம்பிட்டீங்க?" என்றார் முதலாளி. "மறுக்கா கரண்ட் போயி வரட்டும். இருந்து பாத்துட்டுப் போங்க."

"ஒயரைப் பிடுங்கிக் காட்டட்டுங்களாண்ணா?"

"நீங்க ஒண்ணையும் தொட வேண்டாமுங்க. அது தானாப் போகட்டும்."

டீ வந்தது. அப்புறம் இன்னொரு டீ. கரண்ட் எப்போது போகும் என்று ஏங்கி உட்கார்ந்திருந்த ஒரே ஆள், திருப்பூர் சரித்திரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குப் பார்த்து, போகவே இல்லை.