மிதிக்கத் தூக்கிய கால்

காலை ஐந்தரை மணி. என் மனைவி சரசு பாயில் குப்புறப் படுத்திருந்தாள். சில நாளாகவே இரவில் அவளுக்கு இடது கெண்டைக்கால் பிடித்திழுத்தது. அன்று விடிந்தும் விடவில்லை. நாள் முழுக்கத் தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்து பட்டு நெய்கிறவர்கள் நாங்கள். கால் பிடித்துக்கொண்டால் யாராவது ஏறி மிதித்துவிடுவது எங்கள் பிள்ளையார்பாளையத்தில் வழக்கம்.

நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன்: வலது கொலுசு தளர்ந்து கிடந்தது, இடது கொலுசு சதையில் பதிந்திருந்தது! தொட்டால் அந்தக் கால் மட்டும் சுட்டது.

“இன்னாங்க, பார்த்துக்கினே நிக்கிறீங்க? மிதிங்க! தொப்பை இடிக்குதா?” என்றாள்.

“மிதிக்கல. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“கால் பிடிச்சதுக்கா? தெருவே சிரிக்கும்!”

ஸ்கேனில், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டியிருந்தது. “மிதிச்சீங்களா?” டாக்டரின் முதல் கேள்வியே அதுதான். இல்லை என்றேன். “தப்பிச்சீங்க. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைச்சிருந்தா உயிருக்கே ஆபத்து.”

மருந்தில் அவள் தேறிவிட்டாள். இப்போதெல்லாம் யாராவது மிதிக்கக் கூப்பிட்டால் முதலில் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் வீங்கிச் சுட்டால் கையே வைப்பதில்லை. போன வாரம் எதிர்வீட்டுக்காரர் கால் பிடித்துக்கொண்டதென்று கூப்பிட்டார். இரண்டும் ஒன்றுபோல இருந்தன. பாதத்தை மெல்ல முட்டி பக்கமாக வளைத்தேன், பிடிப்பு விட்டது.